ஒரு மிக்ஸி விலையில் லாரி

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. களமருதூரில் விவசாயம் பார்க்கிற என் மைத்துனன் எங்களைக் கல்வராயன் மலைக்கு அழைத்துப் போகும்போது, முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும் என் வலது கால் ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதிக்கும். அவன் கார் வாங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. சீட்டுகள் இன்னும் கம்பெனி போட்டுக் கொடுத்த பாலிதீன் உறையில்தான் இருக்கின்றன. பயமும் பாலிதீனும் சேர்ந்ததில், மேலே போய் இறங்குவதற்குள் என் சட்டையைப் பிழிந்து காயப்போடலாம்.

இப்படிப்பட்ட நான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பதினெட்டுச் சக்கர லாரி ஓட்டுகிறேன். பனி கொட்டும் மலைப்பாதைகளில், தக்காளியோ இரும்புக் குழாயோ ஏற்றிக்கொண்டு, நாடு விட்டு நாடு போகிறேன். எல்லாம் கள்ளக்குறிச்சியில், எங்கள் வீட்டு நடு அறையில், கம்ப்யூட்டர் முன்னால் லுங்கியோடு உட்கார்ந்து ஆடும் விளையாட்டில்.

எனக்கு முன்னால் இன்னொரு லாரி போகும். அதை ஓட்டுவது என் மகள். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அங்கிருந்தே இதே விளையாட்டில் சேர்ந்துகொள்வாள், குரலும் கேட்கும். போனில் நாங்கள் பேசுவதற்கு ஒரு வரையறை உண்டு: சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், மழையா, இல்லை, அம்மாவிடம் கொடுக்கிறேன். அதற்குமேல் அப்பனும் மகளும் பேசிக்கொள்ள உலகத்தில் என்ன இருக்கிறது? ஆனால் லாரியில் ஏறிவிட்டால் அவள் பேசுவாள். மேனேஜரின் மூக்குப்பொடி, அறைத்தோழியின் காதல் தோல்வி, தனக்கு வருகிற தலைவலி எல்லாம் சொல்வாள். இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதால் முகத்தைப் பார்க்க வேண்டிய சங்கடம் இல்லை. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குச் சற்று முன்பு விளையாட்டைப் புதுப்பித்துவிட்டார்கள். இலைகள் அசைய ஆரம்பித்தன, மழைத்துளி கண்ணாடியில் வழிந்தது. என் கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தாங்கவில்லை. மகள் பிளஸ் ஒன் சேர்ந்தபோது படிப்புக்காக என்று சொல்லி வாங்கிய பெட்டி அது. அதில் யாரும் எதுவும் படித்ததாக எனக்கு நினைவில்லை. உள்ளே இருக்கும் விசிறி, தேங்காய்ச் சட்னி அரைப்பது போலச் சத்தம் போடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலையிறக்கத்தில் போய்க்கொண்டிருந்தோம். "அப்பா, உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள். அத்துடன் லாரி நின்றது. மரங்கள் நின்றன. விழுந்துகொண்டிருந்த பனி பாதி வழியில் நின்றது. போனில் கூப்பிட்டு என்ன விஷயம் என்று கேட்டேன்.

"போன்ல வேணாம்பா. வண்டில சொல்றேன்."

"வண்டி படுத்துக்கினு இருக்குதேம்மா."

"அப்ப சரி பண்ணு. அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு மேல தள்ளிப்போட முடியாது."

கல்யாண வயதில் மகளை வைத்திருப்பவனிடம் 'ஒரு விஷயம்' என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், கவலையைவிட எனக்குப் பெருமைதான் அதிகமாக இருந்தது. எங்கள் வீட்டில் எந்தச் செய்தியும் முதலில் மனைவிக்குத்தான் போகும். மகள் பள்ளிக்கூடத்தில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டது முதல் வேலை கிடைத்தது வரை எல்லாமே அவள் வழியாக, ஆறிப்போன காப்பி மாதிரிதான் எனக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு செய்தி சூடாக நேரே என்னிடம் வரப்போகிறது. இடையில் நிற்பது ஒரு பழைய கம்ப்யூட்டர்.

புதிதாகவே ஒன்று வாங்கி அனுப்பட்டுமா என்று மகள் கேட்டாள். மகள் காசில் லாரி ஓட்டுகிற ஆள் நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். மனைவி காசில் ஓட்டுவதில் எனக்கு அப்படி ஒரு மானப் பிரச்சினை இருந்ததில்லை. என் சம்பளம் உட்பட வீட்டு நிதி முழுவதும் அவள் கையில். உண்மைக் காரணத்தைச் சொல்ல முடியாததால், கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது, கட்டுரை எழுத முடியவில்லை, வங்கி வேலை பார்க்க முடியவில்லை என்று தேசிய முக்கியத்துவம் உள்ள காரணங்களாக அடுக்கினேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"லாரி ஓட்டத்தான?"

"அதுவும்."

"ஒரு நல்ல மிக்ஸி வாங்கற காசு தரேன். அதுக்கு மேல ஜாஸ்தி ஆச்சுன்னா, லாரிய வித்துட்டு வூட்டுக்கு வாங்க."

இவ்வளவு சுலபத்தில் சம்மதித்தது ஆச்சரியம்தான். என் பேச்சுத் திறமை என்று எடுத்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பாய் என் பெட்டியைத் திறந்து, வயசான நோயாளியின் நாடியைப் பிடித்த வைத்தியர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார். பிறகு புதிதாக ஒன்றின் விலையைச் சொன்னார். நான் மிக்ஸியின் விலையைச் சொன்னேன். இருவரும் டீ குடித்தோம். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். கூடுதல் நினைவகப் பட்டை ஒன்று, சட்னி அரைக்கும் விசிறிக்குப் பதில் புதிதாக ஒரு கூலர், இரண்டையும் அவரே தருவார். படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு மட்டும் பழையதாகத்தான் வாங்க வேண்டும். சின்னசேலத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர் புது மெஷின் போட்டிருக்கிறார், பழைய கார்டு அவரிடம் கிடைக்கும் என்றார்.

"எல்லாத்தையும் எடுத்தாந்து குடுத்துடுங்க சார், நானே மாட்டித் தரேன்."

வேண்டாம் என்றேன். மாட்டுகிற கூலி சேர்ந்தால் மிக்ஸி கிரைண்டராகிவிடும் என்பது ஒரு காரணம். இரண்டு வீடியோ பார்த்திருந்தேன் என்பது இன்னொரு காரணம். தடித்தடிப் புத்தகங்களை அடிக்குறிப்பு உட்படப் படித்து முடித்தவனுக்கு நாலு திருகாணி ஒரு பொருட்டா?

சின்னசேலம் ஸ்டூடியோக்காரர் கார்டைக் கொடுக்கும்போது பெண் வீட்டார் மாதிரி கண் கலங்கினார். சுற்றுவட்டாரத்தில் நடந்த அத்தனை கல்யாண வீடியோவும் அதில் எடிட் செய்ததுதானாம். எத்தனையோ பேர் தாலி கட்டுவதை ஸ்லோ மோஷனில் பார்த்த கார்டு. அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். கண்டக்டர் அது என்ன என்று கேட்டார். கல்யாண சாமான் என்றேன். தெரியாமல் சொன்னதுதான்.

சனிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் மாட்டினேன். ப்ராசஸர் என்கிற சில்லின் தலையில் பசையைத் தடவி, அதன்மேல் கூலரை உட்கார வைத்துத் திருகினேன். கூலர் பார்க்க அழகாக இருந்தது. அடிப்பாகத்தில் செம்பு பளபளத்தது. மகளுக்கு அந்தப் பளபளப்பைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுத்தான் மாட்டினேன்.

லாரி கிளம்பியது. இலை அசைந்தது, துளி வழிந்தது. சுங்கச்சாவடியைத் தாண்டியதும் கம்ப்யூட்டர் அணைந்தது. மறுபடி போட்டேன். இந்தத் தடவை சுங்கச்சாவடி வரைகூட வரவில்லை. மூன்றாம் தடவை லாரியில் சாவி போட்டதோடு சரி.

முதலில் மின்சார வாரியத்தைத் திட்டினேன். பிறகு ஸ்டூடியோக்காரரை. அத்தனை கல்யாணம் பார்த்த கார்டுக்குத் தனி லாரி சலித்திருக்கும் என்றும் ஒரு கோணத்தில் யோசித்தேன். பாய்க்குப் போன் செய்தால், கடையை மூடிவிட்டுத் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவாராம். பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல்.

மனைவி வந்து கூலரின் அட்டைப்பெட்டியை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்தெல்லாம் பொடி இங்கிலீஷ். அவள் படத்தைப் பார்த்தாள்.

"இதுல ஒரு கை எத்தயோ உரிக்கிறாப்பல போட்டிருக்குதே. நீங்க உரிச்சீங்களா?"

உரிக்கவில்லை. செம்பின்மேல் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்தான். அதன் ஓரத்தை நகத்தால் தடவிக்கூடப் பார்த்தேன். கை போகவில்லை. கீறல் விழாமல் புதுசாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். எங்கள் பக்கத்தில் ஒரு பொருளின் பிளாஸ்டிக்கை உரித்துவிட்டால் அது அன்றோடு பழசு. மைத்துனனின் கார் சீட்டைக் கிண்டல் செய்கிற நான், ஃபிரிட்ஜ் கைப்பிடியில், வாஷிங் மெஷின் பொத்தான்களில், ஸ்கூட்டர் மீட்டரில், டிவியின் நாலு ஓரத்திலும் அதே பிளாஸ்டிக்கைக் காப்பாற்றி வருகிறேன். அதன் அடியில் தூசி போய், எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாமல் போய்ப் பல காலம் ஆகிறது. ஆனால் புதுசு. கூலரின் செம்பு, சில்லின் சூட்டை உறிஞ்சி வெளியே தள்ள வேண்டும். நானோ நடுவில் ஒரு பாலிதீன் விரித்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் மரியாதையாகக் காப்பாற்றியிருக்கிறேன்.

கழற்றியபோது தாள் சூட்டில் அப்பளமாகச் சுருண்டிருந்தது. மனைவி ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் உரித்தாள். எனக்கு எங்கோ வலித்தது. பசையைத் துடைத்து, மீதியிருந்ததைத் தடவி, மறுபடி மாட்டினேன். அவள் பக்கத்திலேயே நின்று திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். நாளைக்குள் ஓடியாக வேண்டுமே என்றும் சொன்னாள். லாரிமேல் அவளுக்கு என்ன திடீர் அக்கறை என்று நான் கேட்கவில்லை. லாரி சுங்கச்சாவடியைத் தாண்டி, எல்லையைத் தாண்டி, இன்னொரு நாட்டுக்குள் போனது. அதற்குள் அவள் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி என்று வரிசையாக உரித்துக்கொண்டே போனாள். பார்க்க முடியாமல் லாரியை ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனைவியைக் கடைத்தெருவுக்கு அனுப்பப் பார்த்தேன். போகவில்லை. கீரை ஆய வேண்டும் என்று என் நாற்காலிக்குப் பின்னாலேயே முறத்தோடு உட்கார்ந்துவிட்டாள். ஹெட்போன் மிக்ஸிக் கணக்கில் அடங்காததால் மகளின் குரல் ஸ்பீக்கரில்தான் வரும். குரலைத் தாழ்த்திப் பேசு என்று எப்படிச் சொல்வது?

மகள் முன்னால் போனாள். தக்காளி லோடு. மலை வளைவு வந்தது.

"அப்பா, எனக்கு ஒருத்தர புடிச்சிருக்குப்பா. அடுத்த வாரம் அவங்க வூட்ல இருந்து உங்கள பார்க்க வரேன்றாங்க."

இலைகள் அழகாக அசைந்தன. துளிகள் ஒழுங்காக வழிந்தன. கம்ப்யூட்டர் ஒரு நொடிகூடத் திணறவில்லை. அதனால் என் லாரி வளைவில் திரும்பாமல், பாலத்துச் சுவரில் ஏறி, பதினெட்டுச் சக்கரமும் வானத்தைப் பார்க்கக் குடைசாய்ந்ததையும், தக்காளி பள்ளத்தில் உருண்டதையும் மிகத் துல்லியமாகப் பார்க்க முடிந்தது. வலது கால் மட்டும் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.

பின்னாலிருந்து மனைவி கீரைக்காம்பைக் கிள்ளியபடி சொன்னாள்.

"ரோடு நேரா இருக்கறப்ப சொல்லுடின்னு உனுக்கு எத்தினி வாட்டி சொன்னேன்."

ஆக, வழக்கம்போல்தான். மிக்ஸிக் காசு அவ்வளவு சுலபத்தில் கிடைத்ததும், திருகாணி எடுத்துக் கொடுத்ததும் எதற்கு என்று அப்போது புரிந்தது. நீயே அப்பாவிடம் நேரில் சொல் என்று அவள்தான் சொல்லியிருக்கிறாள். மகளும் நேரில் என்றால் லாரியில் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஏதாவது கேட்க வேண்டும், அப்பன் என்கிற முறையில். பையன் எந்த ஊர் என்று கேட்டேன்.

"சின்னசேலம்பா."

மனைவி என் தோள் வழியாகத் திரையை எட்டிப் பார்த்து, முதலில் லாரியைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். தக்காளி போனது போனதுதான். முன்னால் போன லாரி, வளைவு தாண்டி, ஓரமாக இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு எனக்காக நின்றிருந்தது.