செம்மறிக்கு ஆகாத தழை

என் வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு அப்பா ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்: "ஆட்டத் தூக்கி மாட்டுல போடுறது, மாட்டத் தூக்கி ஆட்டுல போடுறது." தேனி கடைவீதியில் உரமும் பூச்சிமருந்தும் விற்பவருக்கு மகளின் பிழைப்பு அப்படித்தான் தெரிந்தது. அதில் பாதி உண்மைதான். ஒரு பண்ணையை அதன் மழை, புல், ஆடு, எரு, ஆள்பாடு எல்லாவற்றோடும் கணினிக்குள் கட்டி எழுப்பி, இதைக் கூட்டினால் அது என்ன ஆகும், அதைக் குறைத்தால் இது என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்க்கிறேன். அதற்கு மாதிரி என்று பெயர். மாதிரிக்கும் தீனி வேண்டுமே, அதற்காக வருடம் முழுக்கப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன்.

கோம்பைக்கு மேற்கே மலையடியில் ஒரு இரும்புச் சட்டத்தை வீசுவேன். நீளம் ஒரு மீட்டர், அகலம் ஒரு மீட்டர். அது விழுந்த இடத்துப் புல்லை ஒட்ட அறுத்து, காயவைத்து, எடை போடுவேன். கேட்கவே அலுப்பாக இருக்கும் என்று தெரியும். எனக்கு ஒருநாளும் அலுக்கவில்லை. சருகாய்க் கிடக்கிற சரிவில் ஒரு மழை விழுந்தால் மூன்றாம் நாள் பச்சை. நான்காம் நாள் அதற்கு எடை உண்டு. ஐந்தாம் நாள் இன்னும் எடை. யாரும் விதைக்கவில்லை, யாரும் தண்ணீர் கட்டவில்லை. தராசில் அது ஏறுவதைப் பார்க்கையில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும். இந்த வயதிலும் அப்படித்தான்.

அந்தச் சரிவில் மேய்ந்த மந்தைகளில் ஒன்று ஒரு அக்காவுடையது. நாற்பத்தொரு செம்மறி, ஒன்பது வெள்ளாடு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் கட்டட வேலைக்குக் கேரளாவுக்குப் போய்விடுவார் என்பதால் ஆடுகள் முழுக்க அக்காவின் பொறுப்பு. பேச்சு குறைவு. நான் சட்டத்தை வீசுவதை முதல் ஒரு மாதம் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் பக்கத்தில் வந்து, எறிவதுதான் எறிகிறீர்கள், முள் இல்லாத பக்கமாக எறியக்கூடாதா என்று கேட்டார். அன்றிலிருந்து பழக்கம்.

அந்த வருடம் மாதிரி முதன்முறையாக ஒரு நாளைக் குறித்துச் சொன்னது. மாசி மாதத்தில் வரும் ஒரு வெள்ளிக்கிழமையோடு மலையடியில் மேய்ச்சல் முடிகிறது என்றது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு முந்தின வியாழக்கிழமை, அக்கா தானாகவே, "நாளைக்கு ஒருநா மேஞ்சா சரி மேடம். அதுக்கப்புறம் இங்கன ஒண்ணுமில்ல" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். செருப்புக் காலால் ஒரு புழுக்கையை நசுக்கிக் காட்டினார். உள்ளே நாராக இருந்தது. புல் இருந்தால் உள்ளே வழுவழுப்பாக இருக்குமாம், வெறும் கட்டையைத் தின்றால் இப்படி உதிருமாம். ஒரு வருட அறுப்பும் தராசும் கணினியும் சேர்ந்து சொன்ன நாளை, ஒரு புழுக்கை சொல்லிவிட்டது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கணினி சரியாகச் சொன்னதே என்று மலைத்தேனா, அக்கா சொன்னாரே என்று மலைத்தேனா, இப்போதும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

புல் முடிந்தால் அக்காவுக்கு வேறு வழி கிடையாது. ஒவ்வொரு கோடையிலும் பத்து ஆட்டையாவது வண்டியேற்றித்தான் மீதியைக் காப்பாற்றுவார். ஆனியில் சாரல் பிடித்துப் புல் தலைகாட்டும்போது, மேய்வதற்கு மந்தையில் ஆடு குறைந்திருக்கும். "ஒரே ஒரு வருசம், ஒண்ணையும் விக்காம கோடையத் தாண்டிட்டேன்னா மந்த பெருகிரும் மேடம்" என்றார். வேறு எதுவும் அவர் என்னிடம் ஆசைப்பட்டுச் சொன்னதில்லை.

என் திரையிலும் அந்தக் கோடைதான் ஒரு குழியாகத் தெரிந்தது. பங்குனியிலிருந்து வைகாசி வரை தீனிக் கோடு பள்ளத்தில் விழுந்து கிடந்தது. அதை நிரப்ப என்னென்னவோ போட்டுப் பார்த்தேன். பிறகுதான் திராட்சை கண்ணில் பட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கு ஒரே பருவம் என்பது இல்லை. ஒரு தோட்டத்தில் பழம் அறுக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் கவாத்து வெட்டுவார்கள். வருடத்தின் எந்த வாரத்தில் பார்த்தாலும் எங்கோ ஒரு பந்தலுக்கடியில் பச்சைத்தழை குவிந்து கிடக்கும். அதைக் கணக்கில் சேர்த்து ஓட்டினேன். குழி நிரம்பிவிட்டது. திரையில் கோடு நேராக ஓடியது. ஆண்டவன் இதை இங்கேயே வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறானே என்று தோன்றியது. தனி அறையில் கைதட்டிச் சிரித்த ஒரே விஞ்ஞானி நானாகத்தான் இருப்பேன்.

அக்கா கவாத்து வெட்டிய தோட்டத்துக்குள் வெள்ளாடுகளை மட்டும் விடுவார். செம்மறிகளை வேலிக்கு வெளியே நிறுத்திவிடுவார். ஏன் என்று கேட்டேன். செம்மறிக்குக் கொடித்தழை ஆகாது என்றார். யார் சொன்னது? மாமியார். மாமியார் ஏன் சொன்னார்? தெரியவில்லை போலிருந்தது, பேச்சை மாற்றினார். நான் விடுகிற ஆளா? மறுநாளும் கேட்டேன், அதற்கு மறுநாளும் கேட்டேன். கடைசியில், "செம்மறிக்குச் சீதள ஒடம்பு மேடம். தழ குளும. சேராது" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. காரணம் கிடைத்துவிட்டது, அதுவும் தவறான காரணம். உடைத்துப் போடுவது சுலபம். தழையைப் பரிசோதனைக்கு அனுப்பி, புரதம் எவ்வளவு என்று வாங்கிவந்தேன். எந்தத் தோட்டத்தில் எந்தப் பூச்சிமருந்து எப்போது அடித்தார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி, வீரியம் போகிற நாள்வரை காத்திருந்த தோட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்தேன். அக்காவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் செம்மறிகளைப் பந்தலுக்கடியில் விட்டார்.

அந்தக் கோடையை மறக்க முடியாது. வேப்பமரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டு வாரம் ஒருமுறை எடை பார்த்தோம். ஊர் முழுக்க ஆடுகள் எலும்பும் தோலுமாக அலைந்தபோது எங்கள் செம்மறிகள் எடை கூடின. ரோமம் மினுமினுத்தது. கண்பட்டுவிடும் என்று அக்கா அவற்றைத் தார்ரோட்டுப் பக்கம் ஓட்டுவதையே நிறுத்திவிட்டார். பங்குனி போனது, சித்திரை போனது, வைகாசியும் போனது. ஒன்றைக்கூட விற்கவில்லை. நான் ஒரு கூட்டத்தில் இதைப் பேசிக் கைதட்டுகூட வாங்கிவிட்டேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. ஆனியில் சாரல் தொடங்கிய வாரம் அக்கா போன் செய்தார். "மேடம், ஆடு ரத்தமா மோளுது" என்றார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு தாயாடு தலையைத் தொங்கப்போட்டுத் தனியாக நின்றது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. மதியத்துக்குள் விழுந்துவிட்டது. மறுநாள் இரண்டு.

கால்நடை மருத்துவர் வந்து ஒன்றை அறுத்துப் பார்த்தார். சிறுநீரகம் கறுத்து இரும்பு போலப் பளபளத்தது. ஈரல் மஞ்சளாக இருந்தது. என்ன தின்றது என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார். அக்கா வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன். கொடிக்கு என்னென்ன அடித்தார்கள் என்றார். என் பட்டியலை நாள்வாரியாக ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "துத்தம்?" என்றார்.

துத்தத்தை நான் எழுதவே இல்லை. அப்பா கடையில் மயில்துத்தம் மூட்டை மூட்டையாக இருக்கும். சின்ன வயதில் அந்த நீலக் கல்லைப் பொறுக்கி விளையாடி அடி வாங்கியிருக்கிறேன். இங்கே எல்லாத் தோட்டத்திலும் அதைச் சுண்ணாம்போடு கலந்து அடிப்பார்கள், பந்தலின் கல்தூண்கூட நீலம் பாரித்துத்தான் இருக்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிற நிறத்தை விஷம் என்று எனக்குத் தோன்றவில்லை. துத்தம் என்றால் செம்பு. படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் இரண்டையும் ஒரே கையால் செய்து முடித்திருந்தேன்.

மருத்துவர் சொன்னதைக் கேட்கக் கேட்க எனக்குப் பயத்தோடு சேர்ந்து ஒரு மலைப்பும் வந்தது. வெள்ளாட்டின் ஈரல் செம்பைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். செம்மறிக்கு அது அவ்வளவாக முடியாது. தினமும் தினமும் ஈரலில் சேர்த்து வைத்துக்கொள்ளும், வெளியே எதையும் காட்டாது. தின்னும், கொழுக்கும், மினுங்கும். பிறகு ஒரு குளிரோ ஒரு மிரட்சியோ போதும், அத்தனையும் ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கிவிடும். மூன்று மாதம் தின்ற தழையில் இருந்ததை அந்த ஈரல் சொட்டுச் சொட்டாகப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. என் மாதிரியில் வயிறு இருந்தது, எடை இருந்தது. ஈரல் இல்லை. பட்டியில் மிச்சமிருந்த முப்பத்தெட்டும் நன்றாகத்தான் நின்றன. எது நாளைக்கு விழும் என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

மருந்து உண்டு என்றார் மருத்துவர், ஆனால் கடையில் கிடைக்காது. பெயரைச் சொன்னதும் தூக்கிவாரிப் போட்டது. அம்மோனியம் மாலிப்டேட். மண்ணில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், எவ்வளவு என்று பார்க்க ஆய்வகத்தில் நாங்கள் தினமும் கலக்குகிற உப்பு. பெரியகுளத்துக்குப் பறந்துபோய், தெரிந்த ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்து ஒரு புட்டி வாங்கிவந்தேன். அதில் விரல் நுனியில் ஒட்டுகிற அளவு, கூடக் கொஞ்சம் சோடியம் சல்பேட், ஒரு ஆட்டுக்கு ஒரு நாளைக்கு அவ்வளவுதான். அது செம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு புழுக்கையோடு வெளியே போய்விடும். எத்தனை வருடம் அந்தப் புட்டியைக் கையில் வைத்திருந்தேன், அதற்குள் ஒரு மந்தையின் உயிர் இருந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அதே வாரம் வியாபாரி வந்தார். குமுளி தாண்டிக் கொண்டுபோய் விற்பவர், வருடா வருடம் வருபவர். விஷயம் காதுக்கு எட்டியிருந்தது. ஆடு நனையுதே என்று ஓநாய் அழுத கதையாக ரொம்ப வருத்தப்பட்டார். அத்தனையையும் இன்றைக்கே ஏற்றிக்கொள்கிறேன், கொழுத்த ஆடு, நல்ல விலையே தருகிறேன் என்றார். அக்கா என் பக்கம் திரும்பி, இந்த ஆட்டு ஈரலைத் தின்றால் மனுசருக்கு என்ன ஆகும் என்று கேட்டார்.

ஒன்றும் ஆகாது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஆடுகள் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும், அவற்றோடு என் தவறும் போய்விடும், அக்காவுக்கும் நட்டமில்லை. ஒரு நொடி அதைத்தான் விரும்பினேன், இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். பிறகு, நிச்சயமாகத் தெரியாது, நல்லதில்லை, சின்னப்பிள்ளைகளுக்கு நிச்சயமாக நல்லதில்லை என்றேன்.

"விக்கிறதா இல்லண்ணே" என்றார் அக்கா.

நாளைக்குப் பத்து செத்தால் என்ன செய்வாய் என்றார் வியாபாரி.

"குழி தோண்டுவேன்" என்றார்.

ஒரு வருடமாவது விற்காமல் தாண்டவேண்டும் என்று ஆசைப்பட்டவர், விற்றே ஆகவேண்டிய நாளில் விற்கவில்லை. தண்ணீர் குடிப்பதுபோல் போய்ப் பக்கத்துத் தோட்டத்து மோட்டார்க் கொட்டகைக்குப் பின்னால் நின்று அழுதேன்.

மருந்து ஆறு வாரம் கொடுக்கவேண்டும். ஆனால் ஆட்டை விரட்டக்கூடாது, இழுக்கக்கூடாது, மிரண்டால் செத்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முப்பத்தெட்டுச் செம்மறிக்கு, ஒன்றைக்கூட மிரட்டாமல், தினமும் வாயில் மருந்து! செம்மறியைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அக்கா பட்டிக்கு நடுவில் ஒரு கல்லில் உட்கார்ந்து நாக்கை மடக்கி மெதுவாக ஒரு ஓசை எழுப்பினார். ஒரு ஆடு வந்தது. தாடையைக் கையில் ஏந்தி, ஊசியில்லாத சிரிஞ்சை வாயோரம் வைத்து இறக்கினார். அது போனது, அடுத்தது வந்தது. எதற்குக் கொடுத்தாயிற்று, எதற்குக் கொடுக்கவில்லை என்பதை நான் காதுத்தகட்டு எண்ணைப் பார்த்துக் குறித்தேன். அவர் முகத்தைப் பார்த்தே அறிந்தார். ஒருநாளும் ஒன்றுக்கு இரண்டுமுறை கொடுக்கவில்லை, ஒன்றையும் விடவில்லை. தினமும் காலையில் ஸ்கூட்டரில் போய் மருந்தைக் கலக்கிக் கொடுத்துக்கொண்டு, கோயிலில் நிற்பதுபோல் நின்றேன். முதல் வாரத்தில் இன்னும் இரண்டு போயின. பிறகு ஒன்றும் விழவில்லை.

இத்தனை நாளும் அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும். கடைசி நாள் நானே ஆரம்பித்தேன். என் தப்புதான் அக்கா, நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்கவேண்டும், சீதளம் என்றதை நான் சிரித்துத் தள்ளியிருக்கக் கூடாது என்று நீட்டிக்கொண்டே போனேன். அவர் கடைசி ஆட்டின் வாயை முந்தானையால் துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"சீதளமாவது ஒண்ணாவது. நான் ஆகாதுன்னேன். நீங்க விடாம ஏன், ஏன்னு கேட்டீக. மாமியாவுக்கே தெரியாது, எனக்கு என்ன தெரியும்? படிச்சவுக இம்புட்டுக் கேக்குறாகளேன்னு வாயில வந்ததச் சொன்னேன்." சிரிஞ்சை என் கையில் கொடுத்தார். "ஏன்னு தெரியாது, ஆனா ஆகாதுன்னு சொல்லிருந்தா நம்பிருப்பீகளா?"

"மாட்டேன்க்கா" என்றேன்.

அவர் எழுந்து போய்ப் பட்டிப் படலைத் திறந்தார். முப்பத்தாறும் என்னை உரசிக்கொண்டு மலையடிக்குப் போயின.