ஊற்றோரத்து ஒற்றைத் தூர்

நெட்ராவின் முழங்கால்கள் என்றைக்கோ கைவிட்டுவிட்டன; வாய் மட்டும் சளைக்கவில்லை. "நம்ம மாட்டைக் கேட்டா புல்லு எங்கன்னு சொல்லும். நீ எதுக்கு இறங்கிச் சாகுற?" என்றான் புருஷன் ஆர்வல், வண்டியை விட்டு இறங்காமலே.

"மாடு சொல்லுச்சுன்னு தாள்ல எழுத முடியாது. பீச் பழ டின்னைத் தொறந்து தின்னுட்டுக் கிட," என்று சொல்லிவிட்டுச் செம்பாறைப் பள்ளத்தில் இறங்கினாள்.

கல்லூரியில் காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாப்பது அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே பசை நாற்றம். ஊற்றோரம் மட்டுமே வளரும் இந்த அரிய புல்லுக்கு அங்கே இருக்கும் மாதிரிகளெல்லாம் அவள் பிறப்பதற்கு முன் பிடுங்கியவை. ஊற்றுநீரைக் குழாய் போட்டு மேட்டு மாட்டுத்தொட்டிக்கு இழுக்கப் போகிறார்கள். புல் இன்னும் இருக்கிறது என்று புதுத் தாள் ஒன்று சேர்ந்தால் அனுமதி கிடைக்காது, குழாய் வராது. புகைப்படம் செல்லாது, வேரோடு செடி வேண்டும். போன தடவைகளில் கிடைத்தது வெறும் மணலும் சாணியும்தான்.

இந்தத் தடவை, மாட்டின் வாய் எட்டாத விரிசலில் அது நின்றது. பூ முற்றியிருந்தது. நெட்ராவுக்கு அழுகையே வந்துவிட்டது.

கைக்கு அழத் தெரியாது, வேலைதான் தெரியும். நெம்பியது, மண்ணை உதறியது, தாளுக்குள் அடங்கத் தண்டை மடித்தது, செய்தித்தாளில் வைத்து அழுத்துப் பலகையை இறுக்கியது. அதற்குப் பிறகுதான் அவள் அடுத்த தூரைத் தேடினாள். பாறைச் சுவர் முழுக்கத் தேடினாள். பாசிதான் இருந்தது. திரும்ப நடலாமென்று பிரித்தால், தூர் நசுங்கிக் கிடந்தது.

"கெடச்சுதா?" என்றான் ஆர்வல், அவள் வண்டிக்கு ஏறி வந்ததும்.

"கெடச்சுது. அது ஒண்ணுதான் இருந்துது. பிடுங்கிட்டேன்."

ஆர்வல் பலகையை வாங்கி வண்டிக்குள் வைத்தான். "உதறினப்ப நாலு விதையாவது விழுந்திருக்கும். நெறைய இருக்குன்னு எழுதிடு. தண்ணியாவது தப்பிக்கட்டும்."

"குழாயில வர்ற தண்ணி நம்ம மாட்டுக்குத்தான?"

"மாட்டுக்கு நான் பாத்துக்கறேன்."

தாளில் பொய் எழுதியறியாதவள், மறுநாள் "அங்கங்கே சில தூர்கள்" என்று எழுதி ஒட்டினாள். குழாய் வரவில்லை. எல்லோரும் பாராட்டினார்கள்; அவளுக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதுமென்றிருந்தது.

ஆர்வல் இப்போது கேலி செய்வதில்லை. வசந்தம் வந்தால் வண்டியை அவனே எடுக்கிறான். அவள் அந்த முழங்கால்களோடு இறங்கிப் போய், எழுதிய பொய் முளைத்திருக்கிறதா என்று விரிசலைப் பார்த்துவிட்டு வருகிறாள்.