கண்ணாடி துடைக்கும் துணி

எங்கள் முன்னறை ஆணியில் ஒரு மஞ்சள் துணி தொங்குகிறது. ஓரம் நைந்து, நிறம் வெளுத்து, சட்டி பிடிக்க உதவும் என்று யாரும் அடுப்படிக்குக் கொண்டுபோகக் கூடிய துணி. அக்கா குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது கொண்டுவந்தது அது. சவர்க்காரம், பால்மா, போர்வை, சென்ட் போத்தல் எல்லாவற்றையும் வீட்டுக்கும் அயலுக்கும் அள்ளிக் கொடுத்தவள், பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்த இந்தத் துணியை மட்டும் யாரையும் தொட விடவில்லை. "துணியிலை என்னடி இருக்கு" என்று அம்மா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

அவள் வேலை செய்த வீட்டில் ஒரு பின்போல் மேசை இருந்ததாம். சரிந்த மேசை, மேலே கண்ணாடி, உள்ளே ஓடித் திரியும் இரும்புக் குண்டு. கீழே விழ வரும் குண்டைத் திருப்பி அடிக்க அடிப்பக்கத்தில் இரண்டு சின்னத் துடுப்புகள், அவற்றை எழுப்பப் பக்கங்களில் பொத்தான்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் இரவெல்லாம் விளையாடிவிட்டுப் போவார்கள். காலையில் அவர்களுடைய விரல் அடையாளங்களை இந்த மஞ்சள் துணியால் துடைப்பது அக்காவின் வேலை. ஒருநாள் யாரும் இல்லையென்று நினைத்து ஒரு பொத்தானை அமத்தியிருக்கிறாள். பின்னால் நின்ற வீட்டு எசமானி, உன்னை வைத்திருப்பது துடைக்கத்தான் என்று சொல்லியிருக்கிறார். அடிக்கவில்லை, திட்டவில்லை, அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு சொல்லை அக்கா வருடக்கணக்கில் வயிற்றுக்குள் வைத்திருந்தாள். அவள் அனுப்பிய காசில் பள்ளிமுனையில் எங்களுக்கு ஓட்டுவீடு எழும்பியது, தங்கச்சிக்குக் கலியாணம் நடந்தது, நான் கணினி படித்து டவுனில் திருத்துகிற கடை போட்டேன். அக்கா வந்து ஒரு மாதம் போகவில்லை, கடைக்கு வந்து கதிரையில் இருந்தாள். "தம்பி, எனக்கு அந்த மேசை வேணும். செய்வியோ மாட்டியோ?"

உண்மையான மேசைக்கு மன்னாரில் எங்கே போவது? திரையில் ஓடும் மேசை செய்யலாம் என்றேன். மரப்பெட்டிக்குள் பெரிய ரீவி ஒன்றை மல்லாக்கக் கிடத்தினால் அது மேசை. தலைமாட்டில் சின்னத் திரை ஒன்றை நிறுத்தினால் அதில் புள்ளி ஓடும். குண்டு வெறும் படம், உருட்டிவிடுவது கணினி. பக்கத்துப் பொத்தான்கள் மட்டும் கைக்கு நிசம்.

பெட்டிக்கு எங்கள் ஊர்த் தச்சரைப் பிடித்தோம். கதவு யன்னலும் செய்வார், ஆனால் அவருக்குப் பேர் எடுத்துக் கொடுத்தது சவப்பெட்டி. சொன்ன அளவுக்கு வழுவழுப்பாக இழைத்து, பழக்கதோசத்தில் இரண்டு பக்கமும் பித்தளைப் பிடிகள் வேறு பூட்டிக் கொண்டுவந்தார். ரீவியைக் கிடத்தி, மேலே கண்ணாடியைப் போட்டு, மின்சாரம் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் சூடேறித் தானாக அணைந்தது. வயரைக் குற்றம் சொல்லி, கணினியைக் குற்றம் சொல்லி, கடைசியில்தான் பார்த்தேன், பெட்டியில் ஓர் ஊசித்துளை கூட இல்லை. தச்சர் வந்து தலையைச் சொறிந்தார். "நான் செய்யிற பெட்டிக்குக் காத்து தேவைப்படுறேல்லை, தம்பி." அக்கா நிலத்தில் குந்திக் கண்ணீர் வரச் சிரித்தாள். அடியில் ஓட்டை போட்டு இரண்டு சின்ன விசிறி பூட்டினோம். பிடிகளைக் கழற்றவா என்று கேட்டதற்கு, இருக்கட்டும், தூக்க வசதி என்றாள்.

திரைகள் இரண்டும் சொல்வழி கேட்க இன்னும் மினக்கெட வேண்டியிருந்தது. கணினி தலைமாட்டுத் திரையைத்தான் முதலாவது என்று எண்ணிக்கொண்டு மேசையை அங்கே நிறுத்தி, புள்ளியைக் கீழே கிடத்தியது. முதலாவதை மாற்றினேன். மேசை கீழே வந்தது, ஆனால் பக்கவாட்டில். பார்க்கக் கழுத்தை ஒடிக்க வேண்டும். படத்தைக் கால்வட்டம் திருப்பினேன், தலைகீழாகியது. மறுபக்கம் திருப்பினேன், சரியாகிவிட்டது என்று எழும்பினேன். அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "துடுப்பு ரெண்டும் எங்கை?" என்றாள். ரீவி படத்தின் ஓரங்களை வெட்டிவிட்டுக் காட்டியிருந்தது. அதையும் சரி பண்ணி, அமத்தினால் தாமதமில்லாமல் துடுப்பு எழும்புமாறு ரீவியை விளையாட்டுக்குரிய நிலையில் போட்டேன். அவள் இரண்டு கையையும் பொத்தான்களில் வைத்தாள். முதல் குண்டு நேரே கீழே விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. விளையாடி முடித்து, மஞ்சள் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். "இனி இந்த வீட்டிலை இதுதான் சட்டம். விளையாடினவை துடைக்கோணும்."

சண்டை வந்தது பெட்டி வைக்கும் இடத்தில். மின்சாரப் பிளக் இருந்தது இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே. அப்பா செத்தபோது பிரேதப்பெட்டி வைத்ததும் அதே இடத்தில்தான். "அப்பாவைக் கிடத்தின இடத்திலை விளையாட்டோ?" என்று அம்மா அழுதார்.

"செத்தவைக்குப் பெட்டி வைக்க இந்த வீட்டிலை இடம் இருக்கு. உயிரோடை நிக்கிற நான் ஒரு பெட்டி வைக்கக் கூடாதோ, அம்மா?"

பெட்டி அங்கேயே நின்றது.

அந்த நாட்களில்தான் எனக்குப் பக்கத்து ஊரான தாழ்வுபாட்டில் சம்பந்தம் பேசினார்கள். பெண்ணின் தகப்பன் படகுகள் வைத்திருக்கும் சம்மாட்டியார், கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர். பெண்ணின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து நான் கடையில் பிழையான ஆணியை முறுக்கிக்கொண்டிருந்தேன் என்பதை மறைக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வீடு பார்க்க வருவதாகச் சொன்னார்கள். பெட்டியைப் பின்னறைக்குத் தூக்கு என்று அம்மா மன்றாடினார். "வீடு பாக்க வாறவை வீடு கட்டினவளையும் பாக்கட்டும்" என்றாள் அக்கா. வேறு வழியில்லாமல் அம்மா வெள்ளைத் துப்பட்டி ஒன்றால் பெட்டியை மூடினார். அதுதான் வினை. வாசலில் கால் வைத்த சம்மாட்டியார், படத்துக்குக் கீழே வெள்ளை போர்த்த நீளப்பெட்டியையும் வெளியே நீட்டிய பித்தளைப் பிடிகளையும் கண்டு, சிலுவை போட்டுக்கொண்டார். "ஆரும் மோசம் போயிட்டினமோ?"

அக்கா துப்பட்டியை இழுத்து எறிந்து மின்சார ஆளியைத் தட்டினாள். திரைகள் இரண்டும் பற்றியதும் மனிதர் சின்னப்பிள்ளையாகிவிட்டார். தேத்தண்ணி ஆறியது. கூட வந்தவர்களைக் கூப்பிட்டுப் புள்ளியைக் காட்டினார், கண்ணாடியில் கை ஊன்றிக் குண்டை அதட்டினார். என் கலியாணம் நிச்சயமான மாதிரித்தான் இருந்தது. ஆடி முடித்துத் திரும்பியவரிடம் அக்கா துணியை நீட்டினாள்.

"ஐயா, இந்த வீட்டிலை விளையாடினவைதான் துடைக்கிறது."

பகிடி என்று நினைத்துச் சிரித்தார். துணி நீட்டியபடியே இருந்தது. அவர் முகம் கறுத்தது. "பொம்பிளையள் நிக்கேக்கை நான் துடைக்கிறதோ?" துணியை வாங்கிக் கண்ணாடி மேல் போட்டுவிட்டுக் கதிரையில் போய் இருந்தார். அம்மா ஓடிவந்து துணியை எடுத்தார். "வையுங்கோ அம்மா" என்றாள் அக்கா. மெதுவாகத்தான் சொன்னாள். அம்மா வைத்துவிட்டார்.

சம்பந்தம் சரிவராது என்று அந்தக் கிழமையே சொல்லி அனுப்பினார்கள். குவைத்தில் சட்டி கழுவினவளுக்கு இவ்வளவு வாய் ஆகாதாம். எனக்கு நொந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அக்காவிடம் கோபம் வரவில்லை. துடைக்கிற வேலையை அவள் கையிலேயே திருப்பிக் கொடுக்கிற மாமனார் எனக்கு வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா எங்கள் இருவரோடும் கதைக்காமல் சோறு போட்டார். கண்ணாடியின் வலது மூலையில் ஊன்றிய கை அடையாளத்தை அக்கா துடைக்கவும் இல்லை, துடைக்க விடவும் இல்லை. வருகிறவர்கள் கேட்டால், "அது சம்மாட்டியாற்றை கை" என்பாள். உப்புக்காற்று படிந்து அது மறைய நெடுநாள் எடுத்தது.

இப்போது பள்ளிமுனையில் எங்கள் பெட்டியில் விளையாடாதவர் குறைவு. துடைக்காமல் போனவர் அதற்குப் பிறகு இல்லை. அம்மாவும் பின்னேரங்களில் செபமாலை முடிய ஓர் ஆட்டம் போடுவார், முணுமுணுத்துக்கொண்டே துடைப்பார்.

போன மாதம் தரகர் ஒருவர் நறுவிலிக்குளத்தில் ஒரு பெண் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கதையோடு கதையாக ஓர் ஆட்டம் ஆடினார். கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு கதிரைக்குத் திரும்பினார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தையல் மெசினில் இருந்து எழும்பவில்லை. எழும்பியது அம்மா. ஆணியிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றார்.

"அண்ணை, இந்த வீட்டிலை விளையாடினவைதான் துடைக்கிறது. பொம்பிளை வீட்டுக்காரரிட்டையும் இதை முதலே சொல்லிப்போடுங்கோ."

தரகர் மூலை மூலையாகத் துடைத்தார். துணியைத் திரும்ப ஆணியில் கொழுவியதும் அவர்தான்.