பக்க எண் இல்லாத கட்டுரை

நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீடு சேலையூரில். கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவின் முடிவில் தாங்கல் ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் சின்ன ஏரி, மே மாதத்தில் வெடித்துக் கிடக்கும் சேறு. எண்பதுகளின் நடுவில் மூன்று கோடைகள் நான் அந்தச் சேற்றைத் தோண்டினேன்.

தண்ணீர் வற்றும்போது நத்தைகள் மண்ணுக்குள் இறங்கி, ஓட்டின் வாயை இறுக்க மூடிக்கொண்டு, அடுத்த மழைவரை தீனி இல்லாமல் கிடக்கும். எவ்வளவு ஆழம் போகின்றன, களிமண்ணில் எத்தனை பிழைக்கின்றன, மணல் கலந்த ஓரத்தில் எத்தனை சாகின்றன என்பதுதான் என் கேள்வி. ஓட்டின் மேல் நகப்பூச்சால் எண் எழுதி, எடை போட்டு, எடுத்த இடத்திலேயே திரும்பப் புதைப்பேன். கடப்பாரை போட்டுத் தோண்டித் தர அந்தப் பக்கத்துக் கூலிக்காரர் ஒருவர் வருவார். நத்தைக்கறி மூலநோய்க்கு மருந்து என்று அந்தப் பக்கத்தில் நம்புவார்கள். முதல் நாளே கேட்டார்.

"இன்னாமா, மூலத்துக்கா?"

"இல்லப்பா, ஆராய்ச்சிக்கு."

"துன்றதுக்கு இல்லியா? அப்போ இன்னாத்துக்கு எடுத்துட்டு மறுபடியும் பொதைச்சிகினு கீற?"

நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நீ படிச்சவ, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். பிற்பாடு என் கட்டுரையைப் பார்த்த யாரும் அந்த அளவுக்குக்கூட என்னை நம்பியதில்லை.

மூன்றாவது கோடை முடிந்ததும் எழுதி முடித்தேன். மேற்குத் தாம்பரத்தில் ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு டைப்பிங் நிலையம். அங்கே உட்கார்ந்து, நத்தையின் லத்தீன் பெயர் வரும் இடங்களிலெல்லாம் அடிக்கோடு போடச் சொல்லி, முப்பது பக்கம் அடித்து வாங்கினேன். வரைபடங்களை இந்தியன் இங்க்கில் நானே வரைந்தேன். ஒரு கோடு கசிந்தால் முழுத் தாளும் வீண். எல்லாவற்றையும் மூன்று பிரதிகளாக்கி, வெளிநாட்டு இதழ் ஒன்றுக்கு விமானத் தபாலில் பதிவு செய்து அனுப்பினேன்.

அங்கே என்ன நடக்கும் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். ஆனால் கண்ணால் பார்த்ததில்லை. இதழாசிரியர் கட்டுரையை அதே துறையிலுள்ள இரண்டு பேருக்கு அனுப்புவார். நடுவர்கள் எனப்படும் அவர்கள் படித்துவிட்டு, தாங்கள் யாரென்று சொல்லாமல் கருத்து எழுதுவார்கள். வந்து சேர்ந்தது என்ற அட்டை வரவே மூன்று மாதமாயிற்று. அதன் பிறகு ஒன்றுமில்லை. தபால்காரர் தெருவில் திரும்பும்போதே வாசலுக்குப் போய் நிற்பேன். எல்.ஐ.சி. நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும் வரும்.

பதினான்கு மாதம் கழித்து பதில் வந்தது. முதல் நடுவர் வெளியிடலாம் என்றிருந்தார். இரண்டாமவர் இரண்டு குறை சொல்லியிருந்தார். அண்மையில் வந்த ஆய்வுகளை நான் படித்ததாகத் தெரியவில்லையாம். இன்னும் ஒரு கோடைக்கான அளவீடும் வேண்டுமாம்.

முதல் குறையைப் படித்ததும் எனக்கு ரத்தம் சூடேறியது. எங்கள் நூலகத்துக்கு அந்த இதழ்கள் கப்பல் தபாலில் ஒரு வருடம் தாமதித்து வரும். சிலவற்றை வாங்குவதையே நிறுத்தியிருந்தார்கள். அவர் சொன்ன கட்டுரைகளை எழுதியவர்களுக்கே தபாலட்டை போட்டு, பிரதி அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். இரண்டு பேர் அனுப்பினார்கள். இரண்டாவது குறைக்காக, கோடை வந்ததும் கூலிக்காரரைத் தேடிக்கொண்டு தாங்கலுக்குப் போனேன். லாரிகள் செம்மண் கொட்டிக்கொண்டிருந்தன. அவர் அங்கேதான் மண் பரப்பும் வேலையில் இருந்தார்.

"தாங்கலா? இனிமே எங்கமா கீது தாங்கல்? பிளாட் போட்டுட்டாங்க. அந்த மூலைல கொஞ்சம் கீது பாரு, வோணும்னா சீக்கிரம் தோண்டிக்க."

அந்த மூலையில் தோண்டினேன். கிடைத்த நத்தைகளை வைத்து நாலாவது கோடையின் கணக்கை எழுதி, மறுபடி அடித்து, மறுபடி வரைந்து அனுப்பினேன். ஒன்பது மாதம் போயிற்று. இதற்குள் இதழாசிரியர் மாறியிருந்தார். புதியவரின் கடிதம் ஆறே வரி. ஏறக்குறைய இதே முடிவுகள் சமீபத்தில் வேறோர் இதழில் வந்துவிட்டதால் உங்கள் கட்டுரையை வெளியிடுவதற்கில்லை. அந்த வேறு கட்டுரையை எழுதியவர்கள் நான் தோண்டத் தொடங்கி இரண்டு வருடம் கழித்துத் தொடங்கியவர்கள். அவர்களே அதை முதல் பக்கத்தில் எழுதியிருந்தார்கள்.

அந்தத் தாள்களைக் கட்டி அலமாரியில் போட்டேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை எடுக்கவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், விடைத்தாள் திருத்தல், மாமியாரின் கண் ஆபரேஷன் என்று வருடங்கள் போயின.

கணினித் துறையில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருவர்தான் மறுபடி என்னைக் கிளப்பிவிட்டார். கிண்டிப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் பகுதிநேரமாக டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். அங்கே அவருக்கு ஈ-மெயில் உண்டு. மதிய உணவு நேரத்தில் என் நத்தைக் கதையைக் கேட்டவர், "மேடம், பேப்பரிலேயே வராத ஜர்னல் ஒண்ணு இருக்கு. எல்லாம் கம்ப்யூட்டர்லதான். உங்க சப்ஜெக்ட்தான். அனுப்பிப் பாருங்களேன்" என்றார்.

"பேப்பர்ல வராத ஜர்னலா? அப்புறம் எதுல படிப்பாங்க?"

"ஸ்கிரீன்ல படிப்பாங்க மேடம். வேணும்னா பிரின்ட் எடுத்துப்பாங்க."

சனிக்கிழமைகளில் அவரோடு மின்சார ரயிலில் போனேன். நாலு சனிக்கிழமைகளில் முப்பது பக்கத்தையும் நானே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். ஈ-மெயிலில் எழுத்து மட்டும்தான் போகும், படம் போகாது. வரைபடங்களை எல்லாம் எண்களாகப் பிரித்து அட்டவணைகளாக்கினேன். அவர் ஒரு விசையை அழுத்தினார். போய்விட்டது. நம்பவே முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை போனபோது வந்து சேர்ந்தது என்ற பதில் இருந்தது, அனுப்பிய அன்றே போட்டது.

மூன்று வாரத்தில் இரண்டு நடுவர்களின் கருத்துகளும் வந்தன. அந்த இதழில் நடுவர்கள் ஒளிந்துகொள்வதில்லை. பெயரைப் போட்டுத்தான் எழுதவேண்டும். அந்தக் கருத்துகளும் நம் பதிலும் கட்டுரைக்குக் கீழேயே வெளியாகும். ஒருவர், களிமண்ணின் ஈரத்தை அளந்த முறை போதாது என்று சற்றுக் கடுமையாகவே எழுதியிருந்தார். ஆனால் அது நியாயமான கேள்வி. ஆளின் பெயர் தெரிந்ததால் எனக்கும் பதில் எழுதத் தெம்பு வந்தது. குறையில் பாதியை ஒப்புக்கொண்டு, மீதிக்கு என் எண்களைக் காட்டினேன். அவர் ஏற்றுக்கொண்டார். மேலும் ஒரு மாதத்தில் என் கட்டுரை திரையில் இருந்தது, என் பெயரும் கல்லூரியின் பெயரும் தாம்பரம் என்ற ஊரும் சேர்ந்து. டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில், இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட நீளத் தாளில், கறகறவென்று அச்சாகி வந்ததை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ரயிலேறினேன். பல்லாவரம் தாண்டுவதற்குள் இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன்.

சில மாதங்களில் பதவி உயர்வுக்கான நேர்காணல் வந்தது. எனக்கு ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியாகியிருந்தால் போதும், மற்ற தகுதிகள் இருந்தன. முதல்வர், எங்கள் துறைத் தலைவர், வெளியிலிருந்து வந்த நிபுணர் என்று மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டைத் தாளை நிபுணர் விரித்தார். மேசையிலிருந்து தரைவரை தொங்கியது.

"இது எந்தப் பிரஸ்ல அச்சாச்சு?"

"அச்சாகல சார். எலக்ட்ரானிக் ஜர்னல்."

"பேஜ் நம்பர் எங்க?"

"அதுல பேஜ் கிடையாது சார். கட்டுரைக்கு ஒரு நம்பர் குடுப்பாங்க."

"அப்போ இத நீங்களே ஆபீஸ்ல பிரின்ட் எடுத்துக் கொண்டு வந்தாலும் இப்படித்தானே இருக்கும்?"

நடுவர்கள் படித்து ஒப்புக்கொண்டதுதான் சார் என்றேன். அதற்குச் சான்றாக அடியிலிருந்த கருத்துகளைக் காட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த ஈரமண் பகுதியைப் படித்தார்.

"என்ன மேடம் இது? கீழயே உங்களைக் குறை சொல்லியிருக்காங்க. இது பாசா, ஃபெயிலா?"

முதல்வர் சிரித்தார். அச்சில் வரும் ஒவ்வொரு கட்டுரையையும் யாரோ இப்படித்தான் குறை சொல்லியிருப்பார்கள், நமக்குக் காட்டமாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் நிபுணர் தாளை மடித்துத் திருப்பித் தந்தார். கட்டுரை எதுவும் வெளியாகவில்லை என்று காரணம் காட்டி, முடிவைத் தள்ளிவைத்துக் கடிதம் தந்தார்கள்.

துறைத் தலைவர் கெட்டவர் இல்லை. மறுநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏம்மா, அதையே ஒரு பிரின்ட் ஜர்னலுக்கு அனுப்பிடேன். பிரச்சினை முடிஞ்சுது."

அனுப்பினேன். ஏற்கெனவே வெளியான கட்டுரையை நாங்கள் வெளியிடுவதில்லை என்று பதில் வந்தது. ஒரு பக்கம் இது வெளியாகவே இல்லை என்கிறார்கள், மறு பக்கம் வெளியாகிவிட்டது என்கிறார்கள். இரண்டு கடிதத்தையும் தலைவரின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் படித்தார்.

"சரி, நானே ஒரு தடவை அந்த ஜர்னலைப் பாத்துடறேன். பாத்தேன், இருக்குன்னு லெட்டர் எழுதித் தர்றேன்."

அந்த வருடம்தான் கல்லூரிக்கு இன்டர்நெட் இணைப்பு வந்திருந்தது. அலுவலகத் தொலைபேசியின் கம்பிதான் அதற்கும். தலைவரைக் கணினி அறைக்கு அழைத்துப் போனேன். கணினி ஆசிரியையும் வந்தார். மோடம் கீச்சிட்டு, இணைப்பு அறுந்து, மூன்றாவது முறை பிடித்தது. ஆசிரியை முகவரியைத் தட்டினார். காத்திருந்தோம். அலுவலகத்திலிருந்து எழுத்தர் எட்டிப்பார்த்து, "மேடம், முக்கியமான போன் ஒண்ணு வரணும், சீக்கிரம் கட் பண்ணிடுங்க" என்றார். திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்று வந்தது. நீங்கள் தேடும் பக்கம் இங்கே இல்லை என்று ஒரே வரி.

மறுபடி தட்டினார். அதே வரி. கட்டுரை மட்டுமல்ல, இதழே இல்லை.

தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. சந்தேகப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "அச்சுல வந்திருந்தா அலமாரியிலயாவது இருக்கும்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரி என்பதுதான் என்னை அதிகமாகக் குத்தியது.

பிறகு தெரிந்தது. இதழை நடத்திய பேராசிரியர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாராம். பழைய இடத்தில் கணினியில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டார்கள். புது இடத்தில் ஏற்றக் கொஞ்சம் நாளாகும், மன்னிக்கவும் என்று எழுதினார். வேகமாக வந்தது, வேகமாகவே போயிருந்தது.

கடைசியில் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது எப்படி என்றால், பக்கத்துக் கல்லூரி ஒன்று சுற்றுச்சூழல் கருத்தரங்கு நடத்தியது. அதில் பேசிய எங்கள் எல்லாரையும் நாலு நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். மீன் வளர்ப்பைப் பற்றி, பாடப்புத்தகத்தில் இருப்பதையே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுதிக் கொடுத்தேன். ஒருவரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை. படித்திருந்தால் தலைப்பிலேயே இரண்டு எழுத்துப் பிழை இருந்திருக்காது. வழவழப்பான அட்டையோடு புத்தகமாக வந்தது. ஐம்பத்தேழாம் பக்கத்திலிருந்து அறுபதாம் பக்கம் வரை நான்.

அடுத்த நேர்காணலில் நிபுணர் புத்தகத்தைப் புரட்டி, பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, "இது, இதுதான் வேணும்" என்றார்.

உத்தரவு வந்த அன்று துறையில் எல்லாரும் கை கொடுத்தார்கள். இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, ரயில்வேயில் வேலை பார்த்த என் கணவரிடம் காகிதத்தைக் காட்டினேன். சந்தோஷமாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அதான் கெடைச்சுடுச்சே. இன்னும் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்க?"

"எதுக்குக் குடுத்தாங்கன்னு பாத்தீங்களா?"

"எதுக்குக் குடுத்தா என்ன? குடுத்தாங்கல்ல?"

நான் சண்டை போட்டேன். அவர்மேல் தப்பில்லை, கையில் கிடைத்த ஆள் அவர்தான். நாலு கோடை மண்ணில் மண்டியிட்டது, இரண்டு முறை கடல் கடந்து போனது, பெயர் தெரிந்த இரண்டு பேர் வரி வரியாகப் படித்து ஒப்புக்கொண்டது, அது எதுவும் கணக்கில் வரவில்லை, யாரும் படிக்காத நாலு பக்கம் வந்தது என்று கத்தினேன். அவர் எழுந்து போய் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார்.

இதழ் சில மாதம் கழித்துப் புது முகவரியில் திரும்பி வந்துவிட்டதாகக் கணினி ஆசிரியை சொன்னார். போய்ப் பார்த்தேன். என் கட்டுரை இருந்தது, மூன்றாவது அட்டவணை மட்டும் காணோம். எழுதிக் கேட்டேன். பார்க்கிறோம் என்று அன்றைக்கே பதில் வந்தது. இரண்டு முறை நினைவூட்டினேன். இரண்டு முறையும் அன்றன்றைக்கே பதில் வந்தது. அட்டவணை வரவில்லை.