சொதிக்குள் வந்த கேரட்

வண்ணார்பேட்டையில் பேருந்துக்காக நின்றிருந்தபோது செல்வி அழைத்தாள். "டீச்சர், அம்மா போயிட்டாங்க" என்றாள். ஆழ்வார்குறிச்சிப் பள்ளியில் பல வருடம் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த கணக்கு டீச்சர் உலகம்மாளின் ஒரே மகள் அவள். பேருந்தில் ஏறி அழுதேன். ஆனால் சேரன்மகாதேவி வருவதற்குள் அவரைப் பற்றி யாரிடமாவது சொல்லியே தீர வேண்டும் என்று மனம் துள்ள ஆரம்பித்துவிட்டது. பக்கத்து இருக்கையில் இருந்த, முன்பின் தெரியாத அம்மாளிடம் சொல்லியும் விட்டேன். உலகம்மாள் டீச்சரோடு பழகியவர்கள் யாருக்கும் இது புரியும்.

ஆசிரியர் அறையில் யாராவது "பாரம்பரியமெல்லாம் கெட்டுப் போச்சு" என்று பெருமூச்சு விட்டால் போதும், உலகம்மாள் டீச்சர் பேனாவைத் திறந்துவிடுவார். "எது எதுன்னு சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்" என்பார். பெரும்பாலும் பெண்பிள்ளைகளின் உடையைத் தாண்டி அந்தப் பட்டியல் நீளாது. இத்தனைக்கும் வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவர், வாசலுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுத்த பிறகே என்னவென்று கேட்பவர். "வழக்கம் நல்லதுதான். அதைச் சொல்லி யாரை எந்திரிச்சுப் போகச் சொல்லுதாங்கன்னு மட்டும் பாத்துக்கிடணும்" என்பது அவர் பேச்சு.

என் மகளின் கல்யாணப் பேச்சு நடந்தபோது என் கணவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அவருடைய அண்ணனைப் பெரியத்தான் என்று கூப்பிடுவோம். நல்ல மனிதர். சமையலுக்குப் பேசியிருந்த தவசிப்பிள்ளை காய்கறிப் பட்டியல் எழுதிக்கொண்டிருக்க, பெரியத்தான் என்னிடம் சொன்னார்: "நானும் உங்க அக்காளும் தாரை வார்த்துக் குடுக்கோம். நீ பைய உள்ள இருந்துக்கோ. அதான் நம்ம பாரம்பரியம்." நான் தலையாட்டிவிட்டேன். நான் பெற்ற பிள்ளையின் கல்யாணத்தைக் இனி கதவிடுக்கு வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

கூடமாட உதவிக்கு வந்திருந்த உலகம்மாள் டீச்சர் தவசிப்பிள்ளையின் பட்டியலை வாங்கிப் படித்தார். அதில் மறுவீட்டு விருந்துக்கான சொதி இருந்தது. எங்கள் பக்கம் அந்தத் தேங்காய்ப்பால் குழம்பு இல்லாமல் கல்யாணமே இல்லை என்பார்கள்.

"அண்ணாச்சி, சொதி நம்ம பாரம்பரியந்தானே?" என்று பெரியத்தானைக் கேட்டார்.

"பின்ன? அதுல என்ன சந்தேகம்?"

"இந்தக் கேரட்டு, பீன்ஸு, உருளைக்கிழங்கெல்லாம் உங்க பூட்டன் காலத்துல இந்த ஆத்தங்கரையில வெளஞ்சுதா?"

"அதெல்லாம் பொறவு வந்தது, டீச்சரம்மா."

"கேரட்டுக்கு எடம் குடுத்த வம்சம், பெத்தவளுக்குக் குடுக்காதா?"

தவசிப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார். முகூர்த்தத்தன்று தாரைச் செம்பை என் கையில் கொடுத்தவர் பெரியத்தானேதான். கூட்டத்தைப் பார்த்ததும் நான் செம்பைக் கீழே வைக்கப் போனேன். உலகம்மாள் டீச்சர் பின்னால் வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "நான் பிடிச்சுக்கிடுதேன். நீ ஊத்து" என்றார். ஊற்றினேன். இப்போது எழுதும்போதும் அந்தச் சந்தோஷம் அப்படியே இருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது துக்க வீட்டில் வாக்குவாதம். காரியத்தைத் தானே செய்வதாகச் செல்வி சொல்லியிருக்கிறாள். பொம்பளைப் பிள்ளை மயானத்துக்கு வருவது வழக்கமில்லை என்று சொந்தக்காரர்கள் மறித்தார்கள். டீச்சரின் கேள்வி என்னிடம் பத்திரமாக இருந்தது. வாயைத் திறந்தேன். எனக்கு முந்தி, கம்பை ஊன்றி எழுந்து நின்றார், துக்கத்துக்கு வந்திருந்த பெரியத்தான்.

"கேரட்டுக்கு எடம் குடுத்தவங்கதானவே நாம. பிள்ளை வரட்டும்."

பாதிப் பேருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் வழி விட்டார்கள்.

ஆக, அந்தக் கேள்வியைப் பெரியத்தான் எடுத்துக்கொண்டார். அவரே வைத்துக்கொள்ளட்டும். ஆற்றங்கரை மயானத்தில் தோளில் குடத்தோடு செல்வி அடியெடுத்து வைக்காமல் நின்றபோது, நான் பின்னால் போய் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பிடிதான் என் பங்கு.

"நான் பிடிச்சுக்கிடுதேன்" என்றேன். "நீ நட."