தேன் கொடுத்தீர்களா?

என் தங்கைக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. கணவர் வெளிநாட்டில் இருந்ததால் பிரசவத்துக்குப் பிறகும் டவுணில் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். பிள்ளைக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது மலம் போவது நின்றது. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அப்படித்தான் என்று நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு உறிஞ்ச முடியாமல் பால் கடைவாயில் வழிந்தது. கண்ணிமைகள் பாதி மூடியே இருந்தன. தூக்கினால் தலை நிற்கவில்லை. அழுகை முனகலாகிவிட்டது.

வண்ணார்பேட்டையில் ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா பிள்ளையின் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது இதைத்தான்: "யாராவது தேன் குடுத்தீங்களா?"

தங்கை இல்லை என்றாள். என் மனைவியும் இல்லை என்றாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க. இது ரத்தத்தில கிருமியா இருந்தா இப்பவே ஒரு ஊசி போடணும். ஆனா பொட்டுலிசம்னு ஒரு நோய் இருக்கு. அதுவா இருந்தா அந்த ஊசி தசையை இன்னும் தளர்த்திரும். மூச்சே நின்னு போகலாம்."

பொட்டுலிசத்தைக் கொண்டுவரும் கிருமி மண்ணிலும் சில சமயம் தேனிலும் விதைபோல உறங்கிக் கிடக்குமாம். நம் வயிற்றில் அது முளைக்காது. ஒரு வயது நிறையாத பிள்ளையின் குடலில் முளைத்து, நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேராதபடி தடுக்கிற விஷத்தைச் சுரக்கும்.

நான் இரண்டு பெண்களையும் நம்பினேன். மூன்றாவதாக ஒருவர்மேல்தான் எனக்குச் சந்தேகம். தங்கை கணவரின் அண்ணன், களக்காட்டில் வாழை போட்டிருப்பவர், பிள்ளை பிறந்தபோது எங்களுக்கு ஒரு பாட்டில் மலைத்தேன் கொண்டுவந்திருந்தார். பிறந்த பிள்ளையின் நாக்கில் நல்ல பெயர் எடுத்த ஒருவர் தேன் போன்ற இனிப்பைத் தொட்டு வைப்பதைச் சேனை என்போம். வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. பிரசவம் பார்த்த டாக்டர் வேண்டாம் என்றதால் நாங்கள் யாரையும் வைக்கவிடவில்லை. "என் குணம் ஒங்களுக்கு ஆகாதாக்கும்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னது எனக்குச் சிரிப்பாகத் தோன்றவில்லை. போன வாரம் வந்தபோது பிள்ளையோடு அறையில் தனியாகவும் இருந்தார்.

வீட்டுக்கு ஓடினேன். அடுக்களையில் நான் எந்தப் பொருளையும் பெயர்ச்சீட்டு வெளியே தெரியும்படிதான் வைப்பேன். தேன் பாட்டிலின் சீட்டு சுவரைப் பார்த்திருந்தது. தேனும் குறைந்திருந்தது. அங்கேயே நின்று அவருக்குப் போன் செய்தேன்.

"அண்ணாச்சி, மறைக்காம சொல்லுங்க. பிள்ளைக்குச் சேனை வச்சியளா?"

"என்ன வே, போலீஸ் மாதிரி கேக்கீரு? பிள்ளைக்கு என்ன?"

சொன்னேன்.

"நான் பிள்ளையச் சும்மா பாத்துக்கிட்டுதான் இருந்தேன் வே. வாயில ஒண்ணும் வைக்கல, எம் பிள்ளைக மேல சத்தியமா. ஒங்க வீட்டம்மா உரைமருந்து குடுக்காவள்லா, அத எதுல குழைக்காவன்னு கேட்டீரா?"

எனக்குக் கோபம் வந்தது. பழியை என் மனைவிமேல் திருப்புகிறார் என்று நினைத்தேன். ஆனாலும் மருத்துவமனைக்குத் திரும்பிய கையோடு அவளிடம் கேட்டேன். வசம்பு, மாசிக்காய், சுக்கு எல்லாம் கல்லில் இழைத்து, குளிப்பாட்டிய பிறகு பிள்ளை நாக்கில் தடவுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவளும் தடவியிருக்கிறாள்.

"தாய்ப்பால்ல குழைச்சா துப்புதுன்னு, ரெண்டு வாரமா தேன்ல குழைச்சேன்."

"அப்போ டாக்டர்கிட்ட ஏன் இல்லன்ன?"

"அது மருந்துல்லா? தேன் குடுத்தியளான்னுதான அவங்க கேட்டாங்க? சுட வச்சுதாங்க குழைச்சேன்." சொல்லும்போதே அவள் முகம் வெளுத்துவிட்டது.

டாக்டரம்மா அந்த ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுப்புச் சூட்டுக்கு அந்த விதை சாகாது என்றார். பிள்ளையைத் தீவிர சிகிச்சை அறைக்கு மாற்றி, மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் செலுத்தினார்கள். மலத்தை வெளியூருக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்த நோய்தான் என்று முடிவு வந்தது.

"தேன்லருந்து வந்ததா, மண் தூசியிலருந்தான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. அந்தத் தேனையும் சோதிச்சிருந்தா ஒருவேளை தெரிஞ்சிருக்கும்" என்றார்.

பாட்டிலை என் மனைவி பிள்ளையை மருத்துவமனையில் சேர்த்த அன்றே சாக்கடையில் கொட்டிவிட்டாள். வேறு எந்தப் பிள்ளை வாயிலும் படக்கூடாது என்று கொட்டியதாகச் சொன்னாள். நம்பினேன். ஆனாலும், தெரிந்துவிடக் கூடாது என்று கொட்டினாளோ என்ற எண்ணம் எனக்குள் வந்துபோனதை இல்லை என்று எழுத முடியாது.

அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். "இனி ஒங்க வீட்டுக்கு வெறுங்கையோடதான் வருவேன் வே. வரும்போது வேணும்னா மடியையும் சோதிச்சுக்கிடும்" என்றார்.

சில வாரங்கள் கழித்துக் குழாயை எடுத்தார்கள். பிள்ளை தானாகவே பால் குடித்தது. வீட்டுக்கு வந்த அன்று என் மனைவி தங்கையின் முன்னால் கைகளை நீட்டினாள். தங்கை பிள்ளையைக் கொடுத்தாள். என் மனைவி பிள்ளையோடு எழுந்து அடுத்த அறைக்குப் போகப் பார்த்தபோது, தங்கை குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"இங்கனயே உக்காந்து வச்சிருங்க மதினி."

என் மனைவி உட்கார்ந்தாள். பிள்ளை அவள் மடியில் இருந்தவரை தங்கை வேறெங்கும் பார்க்கவில்லை.