நீக்கப்பட்ட ஒரு வார்த்தை

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு அச்சகம் நடத்திவந்தார் ஃபகருன்னிசா. புருஷன் இறந்தபிறகு அச்செழுத்துக் கோக்கவும் கற்றுக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ் என்று வந்ததையெல்லாம் அடித்துக்கொடுத்தார்.

எண்பத்து நாலில் ஒரு காலை, கட்சிக்காரர் கோவிந்தப்பன் ஒரு தாளோடு வந்தார். அவருடைய எம்.எல்.ஏ. சட்டசபையில் இன்னொரு எம்.எல்.ஏ.வை நிலத்திருடன் என்று திட்டியிருந்தார். அதை அப்படியே நோட்டீஸாக அடிக்கவேண்டுமாம்.

"சபைக்குள்ள பேசுனதுக்குக் கேஸ் கெடையாதுக்கா. கீழ உங்க பிரஸ் பேர மட்டும் பெருசா போட்டுடுங்க."

அதுதான் ஃபகருன்னிசாவுக்கு உறுத்தியது. மற்ற நாளெல்லாம் இவர்கள் அச்சகப் பேரைப் போடாதே என்றுதான் கெஞ்சுவார்கள். அன்றைய பேப்பரைப் புரட்டினார். அந்த வார்த்தையைச் சபாநாயகர் அவைக்குறிப்பிலிருந்து நீக்கிவிட்டதாக இருந்தது.

"பேசுனவருக்குக் கேஸ் இல்ல, சரி. நீக்குன பேச்ச வெளிய அடிச்சவளுக்கு?"

கோவிந்தப்பன் தாளை மடித்துக்கொண்டு போனார்.

பத்தே நாளில் அந்த நோட்டீஸ் ஊரெல்லாம் ஒட்டியிருந்தது. அடியில் ஃபகருன்னிசாவின் அச்சகப் பேர். சட்டசபை உரிமைக் குழுவிடமிருந்து, உரிமை மீறல் விசாரணைக்குச் சென்னை வரும்படி கடிதமும் வந்தது.

அவருக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். மெஷின் ஓட்டும் தஸ்தகீர் டீ குடிக்கப் போனால்கூட, யாரோடு பேசுகிறார் என்று எட்டிப் பார்த்தார். அவரிடமிருந்த அச்சகச் சாவியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

தஸ்தகீர் கோபப்படவில்லை. நோட்டீஸை வெளிச்சத்தில் பிடித்தார். "இந்த 'லை'யப் பாருங்கக்கா. புது எழுத்து. நம்மகிட்ட யானைத் தும்பிக்கை மாதிரி சுழி வெச்ச பழைய லைதான இருக்குது?"

ஃபகருன்னிசா அவர் முகத்தைப் பார்க்கமுடியாமல் சாவியை மேசைமேல் வைத்தார்.

பழைய அச்சுகளைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போனார். குழுவினர் நோட்டீஸையும் அச்சுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து அவரை விட்டுவிட்டார்கள். அடித்தவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. வெளியே வரும்போது, திட்டியவரும் திட்டு வாங்கியவரும் தாழ்வாரத்தில் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தபடி நின்றிருந்தார்கள். அவர் ஒதுங்கிப் போனார்.

அடுத்த மாதம் மகளின் கல்யாணப் பத்திரிகைக்காகக் கோவிந்தப்பன் வந்தார். ஃபகருன்னிசா அவர் எழுதிவந்த தாளிலேயே கையெழுத்துக் கேட்டார்.

"எம்மேல சந்தேகமாக்கா?"

"ஆமாண்ணே," என்று பேனாவை நீட்டினார்.